பரணில் கிடைத்த பழந்துப்பாக்கி: அறிகுறி பார்த்துப் பழுது அறியும் வழிமுறை

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தாத்தா காலத்து வீட்டை இடித்துக் கட்டும்போது, பரணிலிருந்தோ தேக்குப் பெட்டிக்கு அடியிலிருந்தோ குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்று வெளிவருவது பலரும் நினைப்பதைவிட அதிகமாகவே நடக்கிறது. உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்புப் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். எங்கள் மேசைக்கு வந்த துப்பாக்கிகளுக்குக் காலம் செய்த கெடுதலைவிட, கண்டெடுத்த முதல் வாரத்தில் வீட்டார் ஆசையோடு செய்த சுத்தம் அதிகக் கெடுதல் செய்திருந்தது. அதனால்தான் எதைச் செய்யலாம் என்பதோடு எதைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்து, கண்ணில் படும் அறிகுறியின் வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, வெடிமருந்தின் விசையால் குண்டை வெளியேற்றும் எந்தக் கருவியும் துப்பாக்கிதான். நூறு ஆண்டு பழையது என்பதாலோ, நாட்டுத் துப்பாக்கி என்பதாலோ அது தானாக விலக்குப் பெறுவதில்லை. அச்சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரியாகவோ பழம்பொருள் மதிப்புள்ளதாகவோ சிதைந்ததாகவோ இருந்து, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே முடியாத ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த நிலையில் அது இருக்கிறதா என்பதை வீட்டுக்காரர் தாமே தீர்மானித்துக்கொள்வது ஆபத்தானது. குழலும் பூட்டும் (சுடும் பொறி) ஒழுங்காக இருக்கும் துப்பாக்கிக்கு உரிமம் இல்லையென்றால், அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ அதை ஒப்படைக்கச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வழி செய்கிறது. சென்னைப் பெருநகர எல்லைக்குள் உரிமம் வழங்கும் அதிகாரி காவல் ஆணையர். செங்குன்றம் பக்கத்து வீடு என்றால் ஆவடி ஆணையரகத்தை அணுக வேண்டும். இறந்துபோன தந்தையின் பெயரில் உரிமம் இருந்திருந்தால், 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி சட்டப்பூர்வ வாரிசு தம் பெயரில் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆகவே பழைய உரிமப் புத்தகத்தை, கரையான் அரித்த நிலையில் இருந்தாலும், தூக்கி எறியாதீர்கள். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் தேவை என்பதால், கீழே நான் "பட்டறை வேலை" என்று சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சொல்லுக்குச் சட்டப் பொருளும் உண்டு.

கஜக்கோல் (மருந்தைக் கெட்டிக்கும் கோல்) குழலின் அடிவரை இறங்கவில்லை

எந்த அறிகுறிக்காக இதைப் படிக்கிறீர்களோ, அதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். வாய்வழித் துப்பாக்கியைத் திறந்து உள்ளே பார்க்க முடியாது. கெட்டித்து வைத்த மருந்தும் குண்டும் உள்ளே இருக்கின்றனவா என்பது வெளியிலிருந்து தெரியாது. வேட்டையிலிருந்து திரும்பியவர் சுடாமலே சுவரில் மாட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கலாம். மூன்று தலைமுறை அதன் கீழே படுத்து உறங்கியிருக்கலாம்.

ஈரம் படாத கருமருந்து காலத்தால் செத்துப்போவதில்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்குச் சொந்தமான பழைய பீரங்கி ஒன்றை 2013 ஜனவரியில் சுத்தம் செய்தபோது, உள்ளே குண்டும் எண்ணூறு கிராமுக்கு மேல் கருமருந்தும் அப்படியே இருந்தன. அந்தப் பீரங்கி 1780-இல் மூழ்கிய ஹசார் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது. இருநூறு ஆண்டுக்கு மேல் கடந்தும் அந்த மருந்து வெடிக்கும் நிலையில்தான் இருந்தது. நனைந்த மருந்து வேலை செய்யாது என்பது உண்மைதான்; ஆனால் காய்ந்ததும் அது மறுபடி உயிர் பெறக்கூடும்.

சோதனை எளியது. துப்பாக்கியின் வாய் யாரையும் நோக்காத திசையில் இருக்கட்டும். கேப்புத் துப்பாக்கியானால், நிப்பிள் என்ற சிறு குழாய்முனை மீது கேப்பு, அதாவது அடிபட்டால் வெடித்துத் தீ தரும் சிறு உலோகத் தொப்பி, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குதிரையை (கேப்பை அடிக்கும் சுத்தியலை) தொடாமல் துப்பாக்கியைப் படுக்க வைத்துவிட்டுப் பட்டறையையோ காவல் நிலையத்தையோ அழையுங்கள். கல் உரசித் தீப்பொறி எழுப்பும் கல் துப்பாக்கியானால், பற்றவைக்கும் மருந்தை இடும் ரஞ்சகக் கிண்ணியில் தூள் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, இரும்பல்லாத நேரான கோல் ஒன்றை, மரமோ பித்தளையோ, பக்கவாட்டில் நின்றபடி வாய்க்குள் மெதுவாக இறக்கி, அது நின்ற இடத்தில் குழல் வாய் மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். கோலை வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல் வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் மேல் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி, தீ உள்ளே புகும் பற்றுவாய்த் துளைக்கு அல்லது நிப்பிள் அடிக்கு நேராக வந்தால் குழல் காலி. அதற்கு இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால், உள்ளே மருந்தும் குண்டும் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கை எங்கள் பட்டறையில் பலமுறை கண்டிருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தரமான வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றில் குழலின் அடியில் குறுகலான மருந்தறை ஒன்று உண்டு. தடித்த கோல் அதற்குள் நுழையாமல் ஏறக்குறைய ஒரு அங்குலம் முன்னாலேயே நின்றுவிடும். மெல்லிய கோலால் மறுபடி அளந்தால் உண்மை தெரியும். குளவிக்கூடு, கந்தைத் துணி, பிள்ளைகள் போட்ட கோலிக்குண்டு ஆகியவையும் கோலை நிறுத்தும். ஆனால் "குளவிக்கூடாகத்தான் இருக்கும்" என்ற ஊகத்தோடு ஒருவரும் குத்திக் கிளறக் கூடாது.

உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்த பின் வீட்டில் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. வாயை வைத்து ஊதுவது, துளையில் கம்பி விட்டுக் குடைவது, அடுப்பருகே வைத்துச் சூடேற்றுவது, குழலின் அடியை மூடும் அடிமரையாணியைத் திருகிக் கழற்ற முயல்வது ஆகிய நான்கையும் மக்கள் செய்திருக்கிறார்கள். நான்கும் உயிருக்கு ஆபத்து. தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா, "தம்பி, இது எங்க மாமனார் வச்சது, வெறும் கட்டைதான்" என்று சொல்லிப் பழம்புடவையில் சுற்றிய துப்பாக்கியை மேசையில் வைத்தார். கோல் மூன்று அங்குலம் முன்னால் நின்றது. மருந்தை நனைத்து ஊறவிட்டு, மறுநாள் திருகு முனைக் கோலால் நாங்கள் வெளியே எடுத்தபோது, காகிதச் சுருளும் ஈயக் குண்டும் அதன் பின்னே கரிய சேறும் வந்தன. அந்த அம்மா நெடுநேரம் பேசவில்லை. பண்டிகை நாள்களில் பேரப்பிள்ளைகள் அதைத் தோளில் வைத்துக் குறிபார்த்து விளையாடியதைப் பிறகுதான் சொன்னார்.

இரும்பில் வட்ட வட்டமான துருப்பொட்டுகள்

குழலின் மேற்பக்கத்திலும் பூட்டுத் தகட்டிலும் பத்துப் பைசா நாணயம் அளவில், ஏறத்தாழ சம இடைவெளியில் துருப்பொட்டுகள் தெரிந்தால், காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அவை ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் விட்டுச் சென்ற தடங்கள். குழைத்த சந்தனம் நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது; அதன் மேல் கடற்காற்றின் உப்பு சேருகிறது. பூசை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், எங்கள் பட்டறையிலும் அந்த நாளில் எல்லாக் கருவிக்கும் பொட்டு வைத்தோம். துப்பாக்கியின் மேல் ஒரு துணியைச் சுற்றி, துணியின் மேல் பொட்டு வையுங்கள். அல்லது மறுநாள் காலையே ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவிவிடுங்கள்.

துருவில் இரண்டு வகை உண்டு. விரலில் ஒட்டும் செம்மஞ்சள் தூளாக இருப்பது வளரும் துரு. அதை நிறுத்த வேண்டும். கரும்பழுப்பாக, வழவழப்பாக, இரும்போடு இறுகியிருப்பது நூறு ஆண்டில் படிந்த பழந்தோல். அது இரும்பைக் காக்கிறது, துப்பாக்கியின் வயதுக்குச் சாட்சியாகவும் நிற்கிறது. மதிப்பிடுபவர் முதலில் பார்ப்பதும் அந்தத் தோலைத்தான். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, உப்புத்தாளால் இழைத்து, வெள்ளிக் குடம் போல் பளபளக்க வைத்துக் கொண்டுவரப்பட்ட ஒரு குழலின் முன் நாங்கள் கைகட்டி நின்றோம். சுருள் இரும்பு நாடாக்களை அடித்து ஒட்டிச் செய்த அந்த டமாஸ்கஸ் குழலின் கோலம் போன்ற வரிகள் முற்றிலும் அழிந்திருந்தன; செய்தவரின் பெயரில் இரண்டு எழுத்துகள் மட்டுமே மீதி இருந்தன.

வளரும் துருவை நீக்க, மெல்லிய இயந்திர எண்ணெயைத் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் அழுத்தாமல் துடையுங்கள். எழுத்து, முத்திரை, செதுக்கு வேலை உள்ள இடத்தில் பஞ்சும் வேண்டாம். மூங்கில் குச்சியின் நுனி போதும். எலுமிச்சைச் சாறு, வினிகர், கழிவறை அமிலம் எதுவும் கூடாது. நைனியப்ப நாயக்கன் தெருவின் ரசாயனக் கடைகளில் டான்னிக் அமிலம் கிடைக்கிறது. அது துருவைக் கருப்பான, நிலையான சேர்மமாக மாற்றும் என்பதும் உண்மை. ஆனால் நிறத்தை மாற்றிவிடுவதால், பழுதறிந்த பாதுகாப்பாளர் கையில் மட்டுமே அதற்கு இடம் உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இரும்புப் பழம்பொருள்களைப் பேணும் வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடங்குவது அறிவுடைமை.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். நம் வீடுகளில் கைக்கு எட்டுவது நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும்தான். நல்லெண்ணெய் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாக இறுகிப் பூட்டின் உள்ளுறுப்புகளை ஒட்டிவிடும். தேங்காயெண்ணெய் காறிப்போய்ப் பித்தளையில் பச்சை படியச் செய்யும். தையல் இயந்திர எண்ணெய் இரண்டைவிடவும் மேலானது. நெடுநாள் பாதுகாப்புக்கு நுண்படிக மெழுகுதான் அருங்காட்சியகங்களின் வழக்கம்.

வெள்ள நீரில் மூழ்கிய துப்பாக்கி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையின் பல தெருக்களில் நாள் கணக்கில் நீர் நின்றது. எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கழிவும் அந்த நீரில் கலந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த துப்பாக்கிகள் சில அப்போது மூழ்கின. இதில் மரத்துக்கும் இரும்புக்கும் வேண்டிய வைத்தியம் ஒன்றுக்கொன்று எதிரானது என்பதே சிக்கல். இரும்பு விரைவாகக் காய வேண்டும். மரம் மெதுவாகக் காய வேண்டும். வெயிலில் வைத்தால் கட்டை வெடித்து, பூட்டு பொருந்தும் குழிவு கோணிவிடும்.

நல்ல தண்ணீரால் சேற்றையும் உப்பையும் கழுவிவிட்டு, குழலையும் பூட்டையும் கட்டையிலிருந்து பிரிக்கத் தெரிந்தவரிடம் முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். குழல் காலி என்று அளந்து உறுதிசெய்த பிறகே இதெல்லாம். கட்டையைப் பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் படுக்கையாக வைத்து, சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். காய்ந்ததும் வார்னிஷ் அடிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அதை அடக்கிக்கொண்டு, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தேய்த்தால் போதும்.

குதிரை அரைநிலையில் நிற்கவில்லை

குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் முதலில் ஒரு சொடுக்கும் பிறகு இன்னொரு சொடுக்கும் கேட்க வேண்டும். முதலாவது அரைநிலை, அங்கே சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையை அழுத்தினாலும் குதிரை விழக்கூடாது. இரண்டாவது முழுநிலை. அரைநிலையில் நிற்காமல் நழுவும் துப்பாக்கியில் கேப்போ ரஞ்சகமோ வைப்பதைப் போன்ற மடமை வேறில்லை.

காரணங்கள் பெரும்பாலும் மூன்று. குதிரையோடு சேர்ந்து சுழலும் உள்தட்டில் பழைய எண்ணெய் இறுகி வெட்டுப்பள்ளம் நிரம்பியிருக்கலாம். இது சுத்தத்தால் தீரும். அந்தப் பள்ளத்தில் மாட்டிக் குதிரையை நிறுத்தும் தடுப்புக் கொக்கியை அழுத்தும் சிறு வில் வலுவிழந்திருக்கலாம். கொக்கியின் மூக்கோ பள்ளத்தின் விளிம்போ தேய்ந்திருக்கலாம். மூன்றாவதைச் சரிசெய்ய அரத்தை எடுத்தவர்கள் அந்தப் பூட்டைக் கொன்றிருக்கிறார்கள். விளிம்பின் கடினத் தோல் மெல்லியது, அரம் ஒருமுறை போனால் அடியிலுள்ள மென்மையான இரும்பு வெளிப்பட்டு ஒரு மாதத்தில் மீண்டும் தேயும். தேய்ந்த இடத்துக்கு உலோகம் ஏற்றி, மறுபடி கடினப்படுத்தித் தீட்டுவது பட்டறை வேலை.

பூட்டைத் திறக்கும் முன் பெரிய வில்லைத் தனிப் பிடிகருவியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடுக்கியால் பிடித்து நெம்பினால் வில் ஒடியும், அல்லது பறந்து முகத்தில் அடிக்கும். குதிரையை வெறுமனே விழவிட்டு "டக்" என்று கேட்டு மகிழ்வதும் வேண்டாம். கேப்புத் துப்பாக்கியில் அது நிப்பிளின் தலையை நசுக்குகிறது. கல் துப்பாக்கியின் பூட்டைக் கட்டையிலிருந்து பிரித்து வைத்துச் சொடுக்கினால் உள்ளுறுப்பு ஒடிகிறது.

திருகோ நிப்பிளோ கழலவில்லை

1841-இல் ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் திருகு மரைகளுக்கு ஒரு பொது அளவை முன்மொழியும் வரை, ஒவ்வொரு பட்டறையும் தன் கையளவில் மரை வெட்டியது. அதன் பிறகும் துப்பாக்கித் தொழில் நெடுங்காலம் தன் வழியில்தான் போனது. ஆகவே பழைய பூட்டின் ஒவ்வொரு திருகும் தன் துளைக்கு மட்டுமே பொருந்தும். இரண்டைக் கழற்றி மாற்றிப் போட்டால் இரண்டு துளையும் கெடும். அட்டையில் பூட்டின் வடிவத்தை வரைந்து, கழற்றிய திருகை அதே இடத்தில் குத்தி வைக்கும் பழக்கத்தை எனக்குக் கற்பித்த மூத்த ஃபிட்டர், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பயின்றவர். அந்த ஒரு பழக்கத்துக்காகவே அவரை நாள்தோறும் நினைக்கிறேன்.

கடைத் திருப்புளியின் நுனி ஆப்பு வடிவில் சரிந்திருக்கும். அது காடியிலிருந்து ஏறி நழுவி, திருகின் தலையைச் சிதைக்கும். காடியின் அகலத்துக்கும் கனத்துக்கும் சரியாக, இணைச் சுவரோடு சாணை பிடித்த திருப்புளியே வேண்டும். ஊடுருவும் எண்ணெயை இட்டு ஒரு வாரம் காத்திருங்கள். நாள்தோறும் ஒரு சொட்டு, ஒரு மெல்லிய தட்டு. நிப்பிளுக்கு அதன் நான்முகத்தில் சரியாக அமரும் நிப்பிள் சாவி தேவை. குறடு வைத்துத் திருகினால் முனைகள் உருண்டுவிடும். வாரம் கடந்தும் அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அலமாரியில் காட்சிக்கு வைக்கப்போகும் துப்பாக்கியின் நிப்பிள் கழல வேண்டிய அவசியமே இல்லை.

கேப்பு வெடிக்கிறது, மருந்து பற்றவில்லை

இந்தப் பகுதி, உரிமத்தோடு பயன்பாட்டில் உள்ள துப்பாக்கியை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்; மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் பயிர்க்காவலுக்காக உரிமம் பெற்றவர்கள் எங்களிடம் இந்தக் குறையோடுதான் அதிகம் வந்தார்கள். பழம்பொருளாகக் கிடைத்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கக் கூடாது. தேறிய ஒருவர் குழலைச் சோதித்து ஒப்புக்கொள்ளாதவரை அது காட்சிப் பொருள்தான்.

கேப்பு மட்டும் வெடித்தால் முதல் வேலை, அசையாமல் நிற்பது. உள்ளே தீப்பொறி மெதுவாகப் புகைந்து, சற்றுத் தாமதித்துப் பற்றும் வாய்ப்பு உண்டு. வாய் பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க, முழுதாக இரண்டு நிமிடம் பொறுத்த பிறகே புதுக் கேப்பு வைக்க வேண்டும். கஜக்கோலின் மீதோ குழல் வாயின் மீதோ கையும் தலையும் வரவே கூடாது.

காரணம் பெரும்பாலும் ஈரம் அல்லது எண்ணெய். பாதுகாப்புக்காகக் குழலில் விட்ட எண்ணெய், துப்பாக்கியைச் சாய்த்து நிறுத்தியபோது வழிந்து, நிப்பிளுக்கும் மருந்தறைக்கும் இடையிலுள்ள மெல்லிய வழியில் தேங்கியிருக்கும். கெட்டிக்கும் முன் உலர்துணியால் குழலைத் துடைத்து, வெறும் கேப்பு இரண்டை வெடித்து, வாய்க்கு எதிரே தரையிலுள்ள உலர்ந்த இலை அசைகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். இலை அசைந்தால் வழி திறந்திருக்கிறது. கல் துப்பாக்கியானால் கல்லின் விளிம்பு மழுங்கியிருக்கும், அல்லது பற்றுவாய்த் துளையில் புகைக்கரி அடைத்திருக்கும். ரஞ்சகத்தைத் துளை மறையும்படி குவிப்பதும் தவறு. துளைக்குக் கீழே தங்கினால்தான் தீ பாய்ந்து உள்ளே போகும். மருந்து போடாமலே குண்டைக் கெட்டித்துவிடுவதும் அனுபவசாலிகளுக்கும் நேரும் பிழை. அப்போது குண்டை இழுத்து எடுப்பது பட்டறை வேலை.

இரண்டு மூன்று முறை சுட்ட பின் குண்டு பாதிவழியில் இறுகி நிற்பது இன்னொரு புகார். கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கழிவாகவே தங்குகிறது. அந்தக் கழிவு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, நம் கடற்கரைக் காற்றில் விரைவில் பிசுபிசுக்கும். பாதியில் நின்ற குண்டோடு ஒருபோதும் சுடக் கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே இடைவெளி இருந்தால் குழல் அந்த இடத்தில் வளையமாகப் புடைக்கும், அல்லது வெடிக்கும். குழல் காலியாக இருக்கும்போது கஜக்கோலில் ஒரு கோடு, சரியாகக் கெட்டித்தபோது இன்னொரு கோடு என்று போட்டு வைத்தால், குண்டு மருந்தின் மேல் முழுதாக அமர்ந்ததா என்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்கலாம்.

சுட்ட அன்றே வெந்நீரால் குழலைக் கழுவுங்கள். கழிவிலுள்ளவை உப்புகள், கேப்பு விட்டுச் செல்வதும் பல வேளைகளில் உப்பே. உப்பைத் தண்ணீர் கரைக்கும், எண்ணெய் கரைக்காது. எண்ணெய் மட்டும் பூசி வைத்த குழல் அடுத்த வாரம் உள்ளே சிவந்திருக்கும். தற்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை இந்தக் குழல்களில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. அதன் அழுத்தத்துக்காக இவை செய்யப்படவில்லை, குழல் சிதறும்.

குழலுக்குள் வரி இல்லை, முத்திரை புரியவில்லை

மதிப்பு என்ன என்று கேட்டு வருபவர்கள் கொண்டுவரும் கேள்வி இது. பூட்டில் மகுடமும் டவர் என்ற ஆங்கில எழுத்தும் ஓர் ஆண்டும் இருக்கும். வடிவத்தில் அது பிரிட்டிஷ் படையின் 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி போலவே இருக்கும். ஆனால் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் மூன்று சுருள்வரிகள் இருக்காது. தேய்ந்துபோன துப்பாக்கி என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். பொறுங்கள். 1857 எழுச்சிக்குப் பின் இந்தியப் படையினருக்குத் தொலைதூரம் துல்லியமாகச் சுடும் வரிக்குழலைக் கொடுக்க ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். அதனால் .577 அங்குலக் குழலைச் சுமார் .65 அங்குலமாகக் குடைந்து வழவழப்பாக்கி, 1858, 1859 மாதிரிகளாகத் தந்தார்கள். வரி இல்லாததே அந்தத் துப்பாக்கியின் வரலாறு. குழல் வாயின் உள்விட்டத்தை வெர்னியர் கொண்டு அளந்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இன்னும் பழைய கல் துப்பாக்கியானால், பூட்டுத் தகட்டில் இதய வடிவக் கோட்டுக்குள் நான்கு எழுத்துகள் இருக்கின்றனவா, அல்லது பின்னங்காலில் நின்று மகுடம் ஏந்திய சிங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் குறிகள். இதயம் முந்தியது, 1808 வாக்கில் சிங்கம் வந்தது. கம்பெனிக்காகச் செய்த 39 அங்குலக் குழல் கொண்ட மாதிரியைத்தான் பிரிட்டிஷ் படையும் 1797-இல் தனதாக்கிக்கொண்டு, இந்திய மாதிரி என்றே பெயரிட்டது. குழலின் இடப்பக்கத்தில் மகுடத்தின் கீழ் குறுக்கிட்ட செங்கோல்களோடு B, P, C என்ற எழுத்துகளும் இருந்தால் அது 1813-இல் சட்டத்தால் நிறுவப்பட்ட பர்மிங்காம் குழல் சோதனைச் சாலையின் முத்திரை. எழுத்து தலைகீழாக இருந்தாலோ, மகுடம் குழந்தை வரைந்தது போல் இருந்தாலோ, அது வடமேற்கு எல்லைப் பட்டறைகளில் பிற்காலத்தில் செய்த நகலாக இருக்கக்கூடும். தேவநாகரி எண்கள் வெட்டப்பட்டிருந்தால் நேபாளத்தை நினைக்க வேண்டும். காத்மாண்டுவின் லகன் சிலேகானா கிடங்கிலிருந்து 2003-இல் பெருந்தொகையான பழந்துப்பாக்கிகள் உலகச் சந்தைக்கு வந்த பிறகு, சாதாரண நிலையிலுள்ள என்ஃபீல்டுகளின் அருமை குறைந்துவிட்டது என்பதையும் மதிப்பிடும்போது கணக்கில் கொள்ள வேண்டும்.

பூட்டுத் தகட்டில் அடைக்கப்பட்ட திருகுத் துளைகள் தெரிந்தால், அது கல் துப்பாக்கியாகப் பிறந்து பின்னர் கேப்புக்கு மாற்றப்பட்டது. அந்த மாற்றம் அக்காலத்திலேயே நடந்திருந்தால் அதுவும் வரலாற்றின் பகுதி. அதை மறுபடி கல்லுக்கு மாற்றி "அசல்" என்று விற்க நினைப்பது வரலாற்றை இரண்டாம் முறை அழிப்பதாகும். ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு இடம் தூரமில்லை; 1948-இல் திறக்கப்பட்ட கோட்டை அருங்காட்சியகம் பாரிமுனையிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது, எழும்பூரில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. நூறு ஆண்டு கடந்த பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியார் அதைச் செய்வதைத் தடை செய்கிறது.

ஓர் உறுப்பு காணவில்லை

பெரும்பாலும் காணாமல் போவது கஜக்கோல், குதிரையின் தலைத்திருகு, நிப்பிள், கல்லைப் பிடிக்கும் தாடை ஆகியவை. 1985-இல் பழைய மூர் மார்க்கெட் எரிவதற்கு முன், அங்கே பழம்பொருள் கடைகளில் நாளெல்லாம் அலைந்து தேடியவர்கள் இருந்தார்கள். இன்று ஈவினிங் பஜாரில் கிடைப்பதெல்லாம் பித்தளைத் துண்டும் இரும்புக் கம்பியும்தான், ஆனால் அவையே பல வேலைகளுக்குப் போதும்.

வெளிநாட்டில் நகல் துப்பாக்கிகளுக்கான உதிரி உறுப்புகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை இங்கே வரவழைக்க ஆயுதச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி இறக்குமதி உரிமம் வேண்டும் என்பது ஒருபுறம். பெரும்பாலான இத்தாலிய நகல்களின் மரைகள் மெட்ரிக் அளவில் வெட்டப்பட்டவை, அசலின் துளைக்குப் பொருந்தா என்பது மறுபுறம். பொருந்தாததைத் திருகி ஏற்றினால் அசல் துளையின் மரை போய்விடும். ஆகவே அசல் துளையின் மரையை அளந்து, அதற்கேற்ப ஒரு புதுத் திருகை லேத்தில் கடைவதே நான் கண்டவரை சிறந்த வழி. கஜக்கோலைச் செய்வது எளிது. உரிய நீளத்தில் எஃகுக் கம்பியோ, வேட்டைத் துப்பாக்கியானால் நேர்நாரான மரக்கோலோ எடுத்து, கட்டையின் அடியிலுள்ள குழாய்களில் தடையின்றி நழுவும் கனத்துக்கு இழைத்தால் போதும். குதிரை, தடுப்புக் கொக்கி, பெரிய வில் ஆகியவை உரிமம் பெற்ற பட்டறையில் மட்டுமே செய்யப்பட வேண்டியவை.

புதிதாகச் செய்த உறுப்பைப் புகையூட்டியோ அமிலம் தடவியோ பழையது போல் காட்டாதீர்கள். அதன் உட்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், செய்த ஆண்டைச் சிறு எண்களாகக் குத்தி வையுங்கள். கழற்றிய ஒடிந்த உறுப்பை எண்ணெய்த் துணியில் சுற்றி, சிறு பையில் இட்டு, எந்த நாளில் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி, விசைக்காப்பு வளையத்தில் நூலால் கட்டிவிடுங்கள்.